புறநகர் ஒன்றின் பூர்வீகம்



நேற்று முளைத்த புறநகருக்கு வரலாறு ஏது என்று எண்ணுவோர் நம்மிற் பலர். அத்தகையோர் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்குத் தென்மேற்கே, ஏறக்குறைய 22 கிலோமீற்றர் தொலைவில், கடலோரமாக அமைந்த பொயின்ற் குக் என்னும் புறநகரைச் சற்றே நோக்குதல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்போது அங்கு வாழ்ந்தோர் 14 ஆயிரத்தளவினர். 2021இல் அத்தொகை 66,781.

1836இல் கப்டன் ஹொப்சனின் 'ரற்றில்சினேக்' கப்பல் அக்குடாவை அளந்தபோது, அக்கப்பலிற் பணியாற்றிய ஜோன் குக் என்பாரின் பெயர் அம்முனைக்குச் சூட்டப்பட்டது. உலகறிந்த கப்டன் குக் வேறு, இவர் வேறு. குலின் மக்கள் அந்நிலத்தில் அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே வாழ்ந்து வந்தனர் என்பதையும் சொல்லாது விடுதல் முறையன்று. பின்னர் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த தோமஸ் சேர்ன்சைட் அங்கே ஆடு வளர்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவர் 1857இற் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கின்றது.

புல்வெளியாகக் கிடந்த அத்தரைக்குப் புதுவாழ்வு அளித்தது ஆகாய விமானமே. படைவிமானிகளைப் பயிற்றுதற்கு ஏற்ற இடத்தை ஹென்றி பீற்றர் என்பவர் மோட்டார்ச் சைக்கிளில் ஏறி நெடுந்தூரம் அலைந்து தேடினார். மேடுபள்ளமற்ற தரையும் பக்கத்திலே கடலும் கொண்ட இவ்விடமே அவருக்குப் பிடித்தது. 1914 மார்ச்சில் அங்கிருந்து முதல் விமானம் எழுந்தது. அவ்வாண்டு ஓகத்தில் நான்கே மாணாக்கருடன் முதல் வகுப்பு ஆரம்பமாயிற்று. அந்நால்வருள் ஒருவரான றிச்சர்ட் வில்லியம்ஸ் பிற்காலத்தில் அவுஸ்திரேலிய விமானப்படையின் தலைமைப் பதவியை வகித்தார். கடற்கரையின் மற்றொரு பகுதியிலோ பாத்திகட்டி உப்பு விளைவித்தனர்.

இப்பழைய தொழில்களே இன்றைய ஊரின் எல்லைகளை வகுத்துள்ளன என்பது என் கருத்து. தெற்கே கடல், தென்மேற்கே விமானத்தளம், தென்கிழக்கே உப்பளமாயிருந்து பின் ஈரநிலமாகிய சீற்றம் பறவைப்புலம், வடக்கே நெடுஞ்சாலை. இவற்றுக்கு இடைப்பட்ட வெளியிலே வீடுகள் மளமளவென எழுந்தன. வெளியேறும் வழிகளோ மிகச் சில. ஆதலின் காலைதோறும் தொழிலுக்குச் செல்வோரின் கார்கள் பொயின்ற் குக் வீதியில் ஊர்ந்து செல்வது அவ்வூரவரின் தீராத முறைப்பாடாயிற்று. வீட்டை முதலிற் கட்டி, வீதியைப் பின்பு நினைக்கும் இவ்வழக்கத்தைத் திட்டமிடல் என்று சொல்ல எனக்கு நாக்கூசுகின்றது! அயலிலுள்ள புகையிரத நிலையமும் 2013இலேதான் திறக்கப்பட்டது. அந்நிலையம் தாங்கும் 'வில்லியம்ஸ் லாண்டிங்' என்னும் பெயர் முன்னே நாம் கண்ட மாணாக்கரை நினைவூட்டுவது.

பழைய உப்பளத்தின் ஒரு பாகம் இப்பொழுது செயற்கை ஏரி. அதனைச் சூழ்ந்து வீடுகள். வெளிநாடுகளிற் பிறந்து அவ்வூரிற் குடியேறியோருள் இந்தியாவிலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். மிஞ்சிய உப்புப் பாத்திகளுக்கோ ஆண்டுதோறும் சைபீரியாவிலிருந்து சிறு கரைப்பறவைகள் வந்து, கோடையைக் கழித்து, மீண்டும் வடக்கே பறக்கின்றன.