அரங்கன் வீட்டுத் துலுக்க நாச்சியார்

மார்கழி மாதத்துப் பகற்பத்து உற்சவத்தில் நம்பெருமாள் மூலஸ்தானத்தை விட்டுப் புறப்பட்டு அர்ச்சுன மண்டபத்தில் எழுந்தருளியிருந்து அரையர்கள் சேவிக்கும் ஆழ்வார் பாசுரங்களைச் செவிசாய்த்துக் கேட்டருளுகிறார் என்பது ஸ்ரீரங்கத்து உற்சவங்களைப் பற்றிச் சிறிதேனும் கேள்விப்பட்டவர்கள் யாவரும் அறிந்த விஷயம். அம்மண்டபத்தை ஒட்டியே ஒரு சிறு சந்நிதி உண்டு. அங்கே கல் விக்கிரகமும் இல்லை, பஞ்சலோகத் திருமேனியும் இல்லை. சுவரில் எழுதிய ஒரு பெண்ணின் சித்திரம் மட்டுமே இருக்கிறது. அவளைத் துலுக்க நாச்சியார் என்று ஊரார் அழைக்கிறார்கள். கோயிலின் பழைய வரலாற்று நூலாகிய கோயிலொழுகு அவளைச் சுரதாணி என்கிறது. தில்லி சுல்தானின் குமாரத்தி அவள். தன் கோயிலைச் சூறையாடியவர்களின் வீட்டுப் பெண்ணுக்குக் கோயிலுக்குள்ளேயே, அதுவும் நாச்சியார் என்ற ஸ்தானத்தோடு, ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்த இந்த ஊரின் மனப்போக்கு ஆராயத்தக்கது.

சூறையாடல் கற்பனையன்று. 1311-ஆம் வருஷத்தில் மாலிக் காஃபூரின் சேனை தென்னாட்டுக்குள் புகுந்தது. அதன் காயம் ஆறுவதற்குள் 1323-இல் உலூக் கான், பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று பெயர்பெற்றவன், படையோடு வந்தான். அந்த இரண்டாம் கலகத்தில் பன்னீராயிரம் வைஷ்ணவர்கள் தலையிழந்தார்கள் என்பது சம்பிரதாயம் சொல்லும் கணக்கு. அவ்வெண்ணை எழுத்துக்கு எழுத்து ஏற்க வேண்டியதில்லை யாயினும், அத்தனை பெரிய எண்ணை நினைவில் இருத்திக்கொள்ளும்படி ஊருக்கு நேர்ந்தது பெருங்கேடு என்பதில் ஐயமில்லை. மூலவருக்கு முன்னால் கல்திரை எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவமூர்த்தியைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு முதியவரான பிள்ளை லோகாசாரியர் தெற்கே நடந்தார். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் திருநாடு எய்தினார். வேதாந்த தேசிகரோ, பிணக்குவியலுக்கு நடுவே தாமும் ஒரு பிணம்போல் கிடந்து, சுதர்சன சூரியின் சுருதப்பிரகாசிகை என்னும் உரைநூலையும் அவருடைய இளம்பிள்ளைகள் இருவரையும் காப்பாற்றிக் கன்னட தேசத்துச் சத்தியமங்கலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பர். வைஷ்ணவரின் இரு கிளையாரில் தென்கலையார் வீடுகளில் பாட்டிமார் முந்திய கதையையும், வடகலையார் வீடுகளில் பிந்திய கதையையும் அழுத்திச் சொல்வது வழக்கம். ஒரே இரவின் துயரம் இரண்டு பாடங்களாகப் பிரிந்து இரண்டு திண்ணைகளில் நடந்தது. சுல்தானின் மகளுக்கு இடம் கொடுத்த சமூகத்தார் நெற்றியில் இடும் நாமத்தின் பாதத்தைக் குறித்துத் தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வரமாட்டாமல் நியாயஸ்தலங்களின் படியேறி இறங்கியதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது.

அழகிய மணவாளன் என்ற அந்த உற்சவமூர்த்தி மதுரை, மலையாள தேசம், மேலுக்கோட்டை, திருமலை என்று ஊர் ஊராக அலைந்து, விஜயநகரத்துக் குமார கம்பணனின் அதிகாரியாகிய செஞ்சி கோபணாரியரால் 1371-இல் திருவரங்கம் திரும்பிய வரலாற்றை விரிக்கப் புகுந்தால் அதுவே தனிப் புஸ்தகமாகும். ஸ்ரீவேணுகோபாலன் ‘திருவரங்கன் உலா’ என்ற நாவலாக அதை எழுதியிருப்பதால், இந்நாளையத் தமிழ் வாசகர்களில் அநேகருக்குக் கோயிலொழுகைக் காட்டிலும் அந்நாவலே ஆசான். ஆனால் திரும்பிய அன்று நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெருமாள் இல்லாத காலத்தில் வேறொரு மூர்த்தியைச் செய்து பூஜித்து வந்திருந்தார்கள். இரு திருமேனிகளில் ஆதியில் இருந்தது எது என்று தீர்மானிக்க, அப்பழைய நாளைக் கண்டவர் ஊரில் எவரும் எஞ்சவில்லை. பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்துக் கொடுத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர், பார்வையும் போன கிழவர், உயிரோடிருந்தார். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து அந்த ஈர வஸ்திரங்களைத் தம்மிடம் தரச் சொல்லி, பிழிந்த தீர்த்தத்தை அருந்திப் பார்த்து, கஸ்தூரி மணம் கமழ்ந்த தீர்த்தத்துக்கு உரியவரையே நம்பெருமாள் என்று அவர் அடையாளம் காட்டினாராம். வேதம் வல்ல ஸ்தலத்தார் அத்தனை பேரும் கூடியிருந்த சபையில் ஒரு வண்ணாரின் சாட்சியமே முடிவான சாட்சியமாயிற்று. அவர் வைத்த பெயரே இன்றளவும் வழங்குகிறது. மற்ற மூர்த்தி திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு கோயிலிலேயே தங்கிவிட்டார். வந்தவரை ஏற்றுக்கொண்டபோது இருந்தவரை வெளியே தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கோயிலொழுகு என்பது இக்காலத்தார் கருதும் சரித்திர நூலன்று. யாருக்கு என்ன கைங்கரியம், எந்தப் பரிஜனக் கொத்துக்கு என்ன மரியாதை, எந்த மண்டபம் யாரால் கட்டப்பட்டது, எந்தத் தளிகை எந்நாளில் அமுதுசெய்யப்படும் என்பவற்றையெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து எழுதிவந்த நிர்வாக ஏடு அது. வி. என். ஹரிராவ் 1961-இல் வரலாற்றுக் குறிப்புகளோடு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகே ஆராய்ச்சியாளர் பலரின் கண்ணில் பட்டது. கோயில் பரிஜனங்களுக்கோ அது உரிமைச் சாசனமும் பாடப் புஸ்தகமும் ஆக இருந்தது. படுகொலையைச் சொல்லும் அந்த ஏடே சுரதாணியையும் சொல்கிறது.

கதை இது. முதற் படையெடுப்பில் தில்லிக்குக் கொண்டுபோகப்பட்ட பொருள்களோடு அழகிய மணவாளனும் போய்விட, பெருமாளைச் சேவிக்காமல் உண்பதில்லை என்ற நியமம் பூண்டிருந்த கரம்பனூர்ப் பெண் ஒருத்தி சேனையின் பின்னாலேயே நடந்து தில்லி சேர்ந்தாள். அதனால் பின்சென்றவல்லி என்று பெயர்பெற்றாள். சுல்தானின் குமாரத்தி அத்திருமேனியைப் பொம்மையாக வைத்து விளையாடுவதையும், விளையாட்டு மெல்ல மெல்லக் காதலாய் முதிர்வதையும் அரண்மனைக்குள் புகுந்து கண்ட அவள், திரும்பிவந்து ஸ்தலத்தாரிடம் சொன்னாள். அறுபது பேர் புறப்பட்டுப் போய், ஜக்கிணி என்னும் நாட்டியத்தாலும் பாட்டாலும் சுல்தானை மகிழ்வித்தார்கள். அவன் கொடுத்த பொன்னை வேண்டாமென்று தள்ளிப் பெருமாளைக் கேட்டார்கள். உங்கள் தெய்வத்தை நீங்களே அழைத்துப் பாருங்கள், வந்தால் கொண்டுபோங்கள் என்று அவனும் இசைந்தான். குமாரத்தி உறங்கும் வேளையில் பெருமாள் எழுந்து வந்துவிட்டார். விழித்தெழுந்து பிரிவாற்றாமல் துடித்த மகளைச் சேனையோடு தெற்கே அனுப்பிவைத்தான் தகப்பன். சேனை வருவதைக் கேள்வியுற்று, பெருமாளைக் கொண்டுவந்தவர்கள் திருமலையில் அவரை ஒளித்துவைத்துவிட, ஸ்ரீரங்கம்வரை வந்து அவரைக் காணாத அப்பெண் அங்கேயே உயிர் நீத்தாள். நெடுங்காலம் கழித்துத் திரும்பிய பெருமாளின் ஆணைப்படி ராஜமகேந்திரன் திருச்சுற்றில் அவளைச் சித்திரமாக எழுதி வைத்தார்கள்.

சரித்திரக் கண்கொண்டு பார்த்தால் இக்கதை நில்லாது. மாலிக் காஃபூரின் தென்னாட்டுப் படையெடுப்பை விரிவாக எழுதிய அமீர் குஸ்ரு இப்படியொரு ராஜகுமாரியை அறியார். மேலுக்கோட்டையில் இதே கதை அவ்வூர் உற்சவமூர்த்தியாகிய செல்வப்பிள்ளையோடும் ராமானுஜரோடும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. 1137-இல் ராமானுஜர் பரமபதித்தார் என்ற சம்பிரதாயக் கணக்கை வைத்துப் பார்த்தால் அப்போது தில்லியில் சுல்தானே இல்லை. ஆகவே நடந்ததா என்ற கேள்வியைவிட, நடந்ததாகச் சொல்லவேண்டிய அவசியம் ஏன் வந்தது என்ற கேள்வியே பயனுள்ளது. அவசியத்தின் சாயல் கதைக்குள்ளேயே தெரிகிறது: கொள்ளையிட்டவன் கேட்டவுடன் கொடுத்துவிடுகிறான், அவன் வீட்டில் பெருமாளுக்குக் குறையொன்றும் நேரவில்லை, உயிர்விடுமளவுக்கு அன்பு செலுத்தியவள் பகைவன் மகளே, அவளைக் கண்டு அஞ்சி ஒளித்தவர்கள் நம்மவர்கள். தன் தரப்பின் மீது இவ்வளவு நுட்பமான குற்றவுணர்ச்சியை ஏற்றிக்கொள்ளும் கதையைத் தோற்ற ஜனங்கள் எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்கு வியப்பு.

இப்பாடத்தை அவர்கள் ஏட்டோடு நிறுத்தவில்லை. நாச்சியாருக்குக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் சர்க்கரையும் நிவேதனம். பெருமாளுக்குக் கைலி போன்ற வஸ்திரம் சாற்றுவதும் அவள் பொருட்டே என்பர். விக்கிரகம் வைக்காமல் சித்திரமாக எழுதியது அவள் பிறந்த மதத்தில் உருவ வழிபாடு இல்லாமையால் என்று அர்ச்சகர்கள் காரணம் சொல்வார்கள். அரிசியே அமுதுபடியாகிய ஒரு கோயில் மடைப்பள்ளியில் கோதுமை ரொட்டி ஏன் என்று எந்தக் குழந்தையும் கேட்கும். கேட்ட குழந்தைக்கு இக்கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். எழுத்தறியாதவர்களுக்கும் எட்டும் உபகரணம் இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆயினும் ஸ்ரீரங்கம் ஒரே பாடத்தை மட்டும் சொல்லிற்று என்று நான் ஜோடிக்கப் போவதில்லை. கீழைக் கோபுரத்துக்கு வெள்ளைக் கோபுரம் என்று பெயர். சேனைத்தலைவன் ஒருவனை மயக்கி அதன் உச்சிக்கு அழைத்துச் சென்று கீழே தள்ளிக் கொன்று, தானும் விழுந்து மாண்ட வெள்ளையம்மாள் என்ற தேவதாசியின் நினைவாக அதற்கு வெள்ளையடிப்பதாக ஐதிகம். அவள் குலத்துப் பெண்டிர் இறந்தால் கோயில் மடைப்பள்ளியிலிருந்து நெருப்புத் தந்துவந்த மரியாதையும் அவளால் வந்தது என்பர். கம்பணனின் தேவி கங்காதேவி வடமொழியில் பாடிய மதுரா விஜயமோ முழுக்க முழுக்க வெற்றி முழக்கம். அதில் பகைவனுக்கு மகளும் இல்லை, மனமும் இல்லை. கோயிலோ வெள்ளையம்மாளையும் நாச்சியாரையும் தன் மதிலுக்குள் வைத்துக்கொண்டது. வெள்ளைக் கோபுரத்தை இடித்துவிட்டு நாச்சியாரை மட்டும் காட்டியிருந்தால் கதை பொய்யாக இனித்திருக்கும். நாச்சியாரை அழித்துவிட்டுக் கோபுரத்தை மட்டும் காட்டியிருந்தால் காயம் புரையோடியிருக்கும்.

காவிரியைக் கடந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்தால் மறுபக்கம் தெரிகிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று வழிவழியாகச் சொல்லப்படும் சூஃபி ஞானி நத்தர்வலியின் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் நேர்ந்துகொண்டு போகிறார்கள். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா அவர் பெயரால் இந்நகரை நத்தர்நகர் என்றே அழைத்தார். 1795-இல் சென்னையில் இறந்த அவருடைய உடலையும் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1752-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஸ்ரீரங்கம் கோயில் மதில்களுக்குள் தஞ்சம் புகுந்து ஆங்கிலேயரிடம் சரணடைந்த வேளையில் தலையிழந்த, அவர்களுடைய துணைவரான சந்தா சாகிபும், அவரை எதிர்த்துப் போரிட்ட அதே வாலாஜாவும், ஒரே வலியின் நிழலில் உறங்குகிறார்கள்.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நாச்சியார் கதையில் சமாதானம் நம் நிபந்தனையின் பேரில் நடக்கிறது. அந்நியப் பெண் தன் வீட்டையும் மதத்தையும் விட்டு நம் பெருமாளிடம் வந்தால்தான் நாச்சியாராகிறாள். அவளை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றுவிட்ட தகப்பனைப் பற்றி ஏடு மேற்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மதுரையிலும் சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூரில் தங்குவதைத் துலுக்க நாச்சியாரைப் பார்க்கப் போவதாக ஜனங்கள் சொல்கிறார்களே யொழிய, அவளுடைய உறவினர் எதிர்கொண்டழைப்பதாகச் சொல்வதில்லை. ஆந்திர தேசத்தில், கடப்பையை அடுத்த தேவுனி கடப்பை வேங்கடேசர் கோயிலில் மட்டும் கதை இன்னும் ஓரடி முன்னே போயிருக்கிறது. அங்கே அவளுக்குப் பீபி நாஞ்சாரி என்று பெயர். யுகாதி நாளன்று அவ்வூர் முஸ்லிம்கள், தங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர் என்ற உரிமையில், குடும்பத்தோடு வந்து பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகிறார்கள்.