கட்டிலிலிருந்து குளக்கட்டுக்கு: வன்னியில் இருதய மறுவாழ்வின் பாதை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் விவசாயியை, இலங்கையின் வடக்கே வன்னியில், முதலில் மறிப்பது வீட்டாரின் அன்புதான். மண்வெட்டியை ஒளித்துவைப்பார்கள். "பாரம் தூக்காதேங்கோ, பேசாமல் படுங்கோ" என்பார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் மருத்துவமே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

1912இல் மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் மாரடைப்பின் இயல்பை விளக்கிய பின்னர், நோயாளியைக் கிழமைக்கணக்கில் கட்டிலோடு கிடத்துவது பெருவழக்காயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எதிர்ச்சான்று பதிவாகியிருந்தது. மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இறந்தபின் 1802இல் வெளியான நூலில், நாளும் அரைமணி நேரம் மரம் அரிந்து நெஞ்சுவலியிலிருந்து அநேகமாகக் குணமடைந்த ஒருவர் வருகிறார். அவரை எவரும் பின்தொடரவில்லை. 1952இல் மருத்துவர்கள் லெவைனும் லவுனும் 81 நோயாளிகளைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் இருத்தியது அன்றைக்குத் துணிச்சலான காரியம். 1968இல் வெளியான டல்லாஸ் ஆய்வு இன்னும் கூர்மையானது: ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள் மூன்று கிழமை படுத்தே கிடந்ததில் உடற்திறன் சரிந்தது, பயிற்சியால் மீண்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று கிழமைப் படுக்கை செய்தது பெரிது என்று தெரிந்தது.

இவ்வாறு உருவான இருதய மறுவாழ்வு, மேற்கில் வைத்தியசாலைக்குள்ளேயே வளர்ந்தது. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, எட்டுமுதல் பன்னிரண்டு கிழமை வரை வரவேண்டும். முல்லைத்தீவிலிருந்து, இன்று மறுவாழ்வு நிலையம் உள்ள மாங்குளம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். நாட்கூலிக்குப் போகும் ஒருவர் முப்பது நாட்கூலியை விட்டுக்கொடுத்து உடற்பயிற்சிக்கு வருவார் என்று எந்தத் திட்டமும் கணக்குப் போடக்கூடாது. மறுவாழ்வை ஊரிலேயே நடத்துவதைக் குறிக்கும் 'சமூகம்சார்' என்ற அடைமொழி வன்னியில் கொள்கை அழகுக்காக வருவதில்லை. பஸ் காசிலிருந்து வருகிறது.

அந்த வழி இங்கு புதிதுமல்ல. 1978 அல்மா-ஆட்டா பிரகடனத்துக்குப் பின் பரவிய சமூகம்சார் மறுவாழ்வு, போர் தின்ற மண்ணில் அவயவங்களைச் சுற்றி வளர்ந்தது. கண்ணிவெடியில் கால் இழந்தவருக்குச் செயற்கைக்கால், அதனுடன் நடக்கப் பயிற்சி, பின் ஒரு தொழில். வவுனியாவின் ஓர்கான் போன்ற அமைப்புகள் மாற்றுத்திறனாளிகளுக்காக நின்றன. கால் இல்லாதது எவர் கண்ணுக்கும் தெரியும். இதயத் தசையில் விழுந்த தழும்பு தெரியாது. ஒன்றுக்கு ஊர் கூடியது. மற்றது வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிட்டது என்பது என் வாசிப்பு.

போர் மீண்டும் மூண்டபோது, வன்னிக்கான பிரதான வழியான ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. 2008, 2009இல் வைத்தியசாலைகளே மக்களோடு இடம்பெயர்ந்தன: கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், பின் கிழக்கே புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் வரை. குளிசையைத் தொடர்வதே இயலாத காலத்தில் மறுவாழ்வைப் பற்றி என்ன பேச்சு? இழப்பும் துயரமும் இதயத்தையும் தொடும். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, உளசமூக அழுத்தத்தை மாரடைப்பின் ஒன்பது முக்கிய காரணிகளுள் வைத்தது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் எழுதிய வன்னியின் கூட்டு மனவடு குறித்த ஆய்வை இதனுடன் சேர்த்து வாசிக்க வேண்டும்.

போருக்குப் பின் ஒரு சொற்சிக்கலும் சேர்ந்தது. 2009இன் பின் வன்னியில் 'புனர்வாழ்வு' என்றால் சரணடைந்தோர் அனுப்பப்பட்ட முகாம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரில் கிளினிக் துண்டு கொடுத்தால் சிலர் திடுக்கிடுவர். இக்கட்டுரை 'மறுவாழ்வு' என எழுதுவது அதனால்தான்.

2024 மே மாதம் நெதர்லாந்து உதவியுடனான திட்டத்தில் வவுனியாவில் இருதய, சிறுநீரகப் பிரிவும் மாங்குளத்தில் மருத்துவ மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டன. கட்டடங்கள் வந்துவிட்டன. இவற்றுக்கும் ஒட்டுசுட்டான் வீட்டு முற்றத்துக்கும் இடையிலான தூரத்தை எவர் நடப்பது என்பதே மீதி. இந்தியாவில் 24 வைத்தியசாலைகளில் நடந்து 2020இல் முடிவு வெளியான யோகா-கேர் ஆய்வு ஒரு குறிப்புத் தருகிறது. 3,959 பேர் பங்கேற்றனர். பெரும் பாதிப்புகள் குறைந்ததாக நிறுவப்படவில்லை. ஆனால் பன்னிரண்டு கிழமையில் பதின்மூன்று வகுப்புகள், மீதி வீட்டில் என்ற எளிய ஏற்பாட்டில் சேர்ந்தவர்கள் பழைய வேலைகளுக்குத் திரும்புவதில் முன்னேறினர். வன்னிக்கு இந்த இரண்டாவது முடிவே முக்கியம்.

திறனை அளக்கவும் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீற்றர் சமதரையும் ஒரு மணிக்கூடும், பயிற்சி பெற்ற ஒரு தாதியோ இயன்மருத்துவரோ போதும். பாடசாலை மைதானம், குளக்கட்டு, எதுவும் பயன்படும். வெயில் ஏறுமுன் நடக்கவேண்டும், அவ்வளவே. நோயாளியின் அன்றாடத் திறனைக் கேட்டறியும் கேள்விக்கொத்தை மட்டும் இங்கேயே எழுதவேண்டும். மாடிப்படி ஏறமுடிகிறதா என்று கேட்பதில் பயனில்லை. வாய்க்கால் வரம்பில் நடக்க முடிகிறதா, கிணற்றில் எத்தனை வாளி அள்ளலாம், உரமூட்டையை எப்போது தொடலாம் என்று கேட்டால், ஒளித்துவைத்த மண்வெட்டியை எந்தக் கிழமை வெளியே எடுக்கலாம் என்பதை வீட்டாருக்குச் சொல்லலாம்.