சுவரில் எழுதிய ஜாப்தா

மரக்காணத்து உப்பளங்களில், பாத்தி பாத்தியாகக் கட்டி நிறுத்திய கடல் நீரில் வானத்தின் பிம்பம் விழுவதைக் கண்டவர்கள், நிரல் தன்னைத் தானே நோக்குவதைக் கணிப்பொறியாளர் ‘ரிஃப்ளெக்ஷன்’ என்று சொல்லும் வித்தைக்கு இதுவே தக்க உவமை என்று எண்ணக்கூடும். எனக்கோ அவ்வூர்ப் பூமீஸ்வரர் கோயிலின் சுவரே நினைவுக்கு வருகிறது.

சோழர் காலச் சாசனங்களைத் தாங்கிய அச்சுவரைப் போல, கோயில் தன் நிவந்தங்களின் விவரத்தை ஓலைக்கட்டில் மட்டும் ஒப்புவிக்காமல் தன் சரீரத்திலேயே பொறித்துக்கொள்ளும் வழக்கம், 1014ஆம் ஆண்டையொட்டித் தஞ்சைப் பெரிய கோயிலில் பூரணத்துவம் பெற்றது. கோயிலின் ஆடல் மகளிரான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், அவர்கள் முன்பிருந்த கோயில், குடியிருந்த சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாம் வீடு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பன அங்கே வரிசையாக உள்ளன. ஒருவர் இறந்தால் அவ்விடத்துக்குத் தகுதியுள்ள உறவினர் வரவேண்டும் என்ற விதியும் உண்டு.

இனி நிரலுக்கு வருவோம். சி போன்ற பழைய மொழிகளில், நிரல் இயந்திர மொழியானதும் அதன் அங்கங்களின் பெயர்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கல்வெட்டில்லாத கோயில் என்று சொல்லலாம். தன்னைத் தானே நோக்கும் நிரலை, பிரையன் கான்ட்வெல் ஸ்மித் 1982இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டில் 3-லிஸ்ப் மொழியின் வாயிலாகத் தத்துவமாகவே வகுத்தார். 1997இல் ஜாவாவும் 2002இல் டாட் நெட்டும் அதை அன்றாடத் தொழிலுக்குக் கொண்டுவந்தன. டாட் நெட்டில் தொகுத்த கோப்புக்குள்ளேயே அங்கங்களின் ஜாப்தாவும், அதாவது பட்டியலும், இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ‘கெட்டைப்’ என்று தன் வகையைக் கேட்டு, ‘கெட்மெம்பர்ஸ்’ என்றதும் முறைகளும் புலங்களும் பெயரோடு வந்து நிற்கின்றன. தக்க கொடியைக் காட்டினால், பிறர் தொடக்கூடாதென்று மறைத்த அங்கங்களும் அகப்படுகின்றன. இது சௌகரியமா, அத்துமீறலா என்பதில் என் அபிப்பிராயம் இன்னும் ஊசலாடுகிறது.

இவ்வாறு கேட்டறிந்தால் வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். தவிர, பெயரைச் சரமாகக் கொடுத்து ஒரு முறையைத் தேடும்போது ஓரெழுத்துப் பிசகினாலும் கம்பைலர் வாய் திறவாது. ஓடும்போதுதான் தேடல் ‘நல்’ என்று கையை விரிக்கும். ஆகையால், பெயர் முன்கூட்டியே தெரிந்த இடத்தில் இவ்வித்தையை நாடுவது வீண் வேலை.

மரக்காணம் செல்லும் அன்பர்கள் உப்புக் குவியல்களைப் படம் பிடித்ததும் திரும்பிவிடாமல், கோயிலையும் ஒருமுறை நிதானமாக வலம் வந்து, சுவரிலுள்ள எழுத்துக்களைக் குனிந்து பார்த்துவர வேண்டுகிறேன்.