கொரமாந்தி

கொரமாந்தி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், சோழமண்டலத்தின் சிதைவாகிய ‘கோரமண்டல்’ தமிழர் நினைவுக்கு வருவது இயல்பே. ஒலியொப்புமையன்றி இரண்டுக்கும் வேறு உறவில்லை. (நம் கரையில் நெய்த துணி மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது என்பது தனிக் கதை, பெருமைப்படத்தக்க கதையும் அன்று.)

சொல்லின் பிறப்பிடம் இன்றைய கானா நாட்டுக் கடற்கரையிலுள்ள கொர்மாந்தின். பதினேழாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கில வணிகர் அங்கே அமைத்த கோட்டையை 1665-இல் டச்சுக்காரர் கைப்பற்றி ஆம்ஸ்டர்டாம் என்று பெயரிட்டனர். ஆனால் கோட்டையை இழந்த ஆங்கிலேயர் பெயரை இழக்கவில்லை. அசாந்தி, ஃபாந்தி, அக்கிம், அக்வாமு என்று தம்முள் யுத்தம் புரிந்துவந்த பல சமூகத்தாரையும், அந்தக் கரையில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்ற ஒரே நிமித்தத்தால், மூட்டைக்குத் துறைமுக முத்திரை குத்துவதுபோல் அப்பெயரால் குறித்தனர்.

வணிகர் இட்ட அப்பெயரை அடிமைகளே பின்னர்த் தமதாக்கிக்கொண்டதுதான் இச்சரித்திரத்தின் விசேஷம். சொந்த நாட்டில் பகைவராயிருந்தவர்கள், கடல்கடந்து சேர்ந்த கரும்புத் தோட்டத்தில் தம்முள் பொதுவாயிருந்த அக்கான் மொழியாலும், திங்களில் பிறந்தவன் குஜோ, வெள்ளியில் பிறந்தவன் கோஃபி என்று கிழமைதோறும் பெயரிடும் வழக்கத்தாலும், எல்லாவற்றினும் மேலாகச் சபதத்தாலும் ஓரினமாயினர். 1712-இல் நியூயார்க்கில் கிளர்ந்தவர்கள் கொரமாந்தி, பாப்பா இனத்தார் என்றும், ஒருவர் கையிரத்தத்தை ஒருவர் உறிஞ்சி ரகசியம் காக்க உறுதி பூண்டனர் என்றும் அக்காலப் பாதிரியார் ஒருவர் எழுதிவைத்தார். ஜமைக்காவில் 1760-ஆம் ஆண்டு ஈஸ்டரை ஒட்டி, டாக்கி என்பவனின் தலைமையில் எழுந்தவர்கள் போர்ட் மரியா கோட்டையின் துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் கவர்ந்தபின், அத்தீவின் சட்டசபையில் கொரமாந்திகளின் இறக்குமதிக்கு அதிக வரி விதிக்கும் மசோதா வந்தது. அது நிறைவேறவில்லை: அஞ்சிய தோட்ட முதலாளிகளே அவர்களின் உடல்வலிமையை விரும்பி வாங்கியவர்கள்!

எனினும் சபதம் அனைவரையும் கட்டவில்லை. ஜமைக்காவில் தப்பி மலையேறி வாழ்ந்த மரூன்கள், குஜோ என்ற தலைவனின் கீழ்ப் பல்லாண்டு போராடி 1739-இல் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையில், தமது விடுதலைக்கு ஈடாக, ஓடிவரும் அடிமைகளைப் பிடித்துத் தரவும் இசைந்திருந்தனர். டாக்கியைச் சுட்டு வீழ்த்தியவன் டேவி என்னும் மரூனே. அத்தீவில் மரூன்களின் வழித்தோன்றல்கள் வாழும் மூர் டவுனில், மூதாதையரை அழைக்கும் சடங்கும், அதில் பேசும் மொழியும், பாடும் பாட்டும் இன்றும் ‘குரோமாந்தி’ என்றே வழங்குகின்றன.