பாலாற்றங்கரையில் விசுவாசம்: காட்பாடி இறைமக்களின் வேர்கள்

ரயில் பயணிகளுக்குக் காட்பாடி ஒரு சந்திப்பு. வேலூர் மறைமாவட்ட இறைமக்களாகிய நமக்கோ அது பாலாற்றின் வடகரையில் அமைந்த விசுவாச பூமி. ஞாயிறுதோறும் ஆலயத்தில் கூடும் நாம், இந்த விசுவாசம் நம்மிடம் வந்து சேர்ந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

முதலில் அது அரண்மனை வழியாக வந்தது. 1598-ஆம் ஆண்டு இயேசு சபைக் குருக்கள் விஜயநகர மன்னர் இரண்டாம் வெங்கடரின் சந்திரகிரி அரசவைக்கு வந்தனர். பின்னர் தலைநகரம் வேலூருக்கு மாறியபோது இங்கும் பணியாற்றினர். மன்னர் அவர்களை ஆதரித்தார்; அவர்கள் காட்டிய திருப்படங்களை விரும்பிப் பார்த்தார். ஆயினும் அப்பணி சில ஆண்டுகளிலேயே முடிவுக்கு வந்தது.

அடுத்து அது பஞ்சத்தில் வாடிய குடிசைகளுக்கு வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் எண்ணற்றோர் மடிந்தனர். அந்நாட்களில், பாரீஸ் வேதபோதக சபையின் அருட்தந்தை தராஸ் அடிகளார் சேத்துப்பட்டுப் பகுதியில் ஏழைகளோடு தங்கி உழைத்தார். ஒடுக்கப்பட்ட மக்கள் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். இப்படி வந்தவர்களைச் ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஆனால் பஞ்சம் தீர்ந்த பின்னும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விசுவாசத்தில் நிலைத்து நின்றார்கள். இன்று சேத்துப்பட்டு தூய லூர்து அன்னை ஆலயம் நம் மறைமாவட்டத்தின் பெருமைமிகு திருத்தலம்.

மூன்றாவதாக அது கல்வி வழியாக வந்தது. 1952-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் வேலூர் மறைமாவட்டம் உருவானது. சலேசிய சபையைச் சேர்ந்த மேதகு மரியசெல்வம் அதன் முதல் ஆயரானார். அதற்கு முந்தைய ஆண்டே சலேசியக் குருக்கள் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கியிருந்தனர். 1954-இல் சலேசிய அருட்சகோதரிகள் காட்பாடி காந்தி நகரில் பெண்களுக்காக ஆக்சீலியம் கல்லூரியைத் தொடங்கினர். ‘ஆக்சீலியம்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘உதவி’ என்பது பொருள்; தொன் போஸ்கோ பெரிதும் போற்றிய கிறிஸ்தவர்களின் சகாய அன்னையின் பெயர் அது. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பு எட்டாக்கனியாயிருந்த காலத்தில், சாதி சமய வேறுபாடின்றி எல்லா வீட்டுப் பெண்களுக்கும் அந்த வாசல் திறந்தது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. அரசனின் ஆதரவு இருந்த பணி நிலைக்கவில்லை. பசித்தவர்களோடும் படிக்க ஏங்கியவர்களோடும் நின்ற பணி வேரூன்றியது.

நம் பங்கின் வரலாறு திருமுழுக்குப் பதிவேடுகளிலும் முதியோரின் நினைவுகளிலும் இருக்கிறது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். நம் தெருவில் பசித்திருப்பவர் யார், படிப்பை நிறுத்திய பிள்ளை யார் என்றும் கேட்போம். அவர்களைத் தேடிச் சென்றால், உயிருள்ள கற்களால் நம் ஆலயம் இன்னும் எழும்பும். அதற்கான அருளைக் கிறிஸ்தவர்களின் சகாய அன்னை வழியாக இறைவனிடம் மன்றாடுவோம்.