கட்டளையும் கனிவும்

அரசு உதவிக்கரம் நீட்டினால் குடும்பப் பாசம் வற்றிவிடுமோ என்னும் அச்சம் புதிதன்று. அதற்கு விடை காண இங்கிலாந்தின் வரலாறு துணைபுரிகிறது.

1601ஆம் ஆண்டில், முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் இயற்றப்பட்ட வறியோர் சட்டம், உழைக்க இயலாத ஏழையைத் தாங்கும் கடமையை, வசதியுள்ள பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள் ஆகியோர்மீது சுமத்தியது. வளர்ந்த மகனுக்கும் இது பொருந்தியது. உறவினரால் இயலாதபோது, பங்குதோறும் திரட்டப்பட்ட வரிப்பணம் கைகொடுத்தது.

இச்சிந்தனை 1931இல் கொடிய வடிவம் கொண்டது. பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்து, காப்பீட்டு உதவிக்காலமும் முடிந்தவர்கள், குடும்ப வருவாய்ச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அதிகாரிகள் வீடு தேடி வந்து, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோர் அனைவரின் வருமானத்தையும் கணக்கிட்டனர். தந்தைக்கு வேலை இருந்தால் வேலையற்ற மகனின் உதவித்தொகை குறைந்தது; மகன் சம்பாதித்தால் தந்தையின் தொகை குறைந்தது. விளைவு என்ன? உதவித்தொகையைக் காத்துக்கொள்ள இளைஞர்கள் வீட்டைவிட்டு வெளியேறி, வாடகை அறைகளில் ஒதுங்கினர். குடும்பப் பொறுப்பை வலியுறுத்த வந்த விதியே குடும்பத்தைப் பிரித்தது.

1935இல் புதிய உதவி விதிகளை எதிர்த்துத் தென் வேல்சு மக்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினர். 1941இல் குடும்ப வருவாய்ச் சோதனை கைவிடப்பட்டது. 1948இல் தேசிய உதவிச் சட்டம் வறியோர் சட்டத்தையே அகற்றியது. வளர்ந்த பிள்ளைகளைப் பெற்றோர் தாங்கவேண்டும் என்ற சட்டக் கட்டாயமும் அதனோடு மறைந்தது.

கட்டாயம் நீங்கி, அரசின் உதவி பெருகிய நாடுகளில் பெற்றோர் கைகளை மூடிக்கொண்டனரா? இல்லை. 2004இல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஐம்பது வயது கடந்தோரிடையே நடத்தப்பட்ட ஆய்வு, பணம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே செல்வதைக் காட்டியது. அரசு தாராளமாக உதவும் டென்மார்க்கிலும் சுவீடனிலும் கொடுப்போர் பலர், தொகை சிறிது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கொடுப்போர் சிலர், தொகை பெரிது. அங்கே பிள்ளைகள் நெடுங்காலம் பெற்றோருடனேயே வாழ்வதால், உணவும் உறைவிடமுமே பேருதவியாகின்றன என்பதையும் மறத்தலாகாது.

முதியவருக்கு ஓய்வூதியம் உறுதியானபோது, தம் பங்கில் சிறிது எடுத்துப் பிள்ளைக்குத் தர அவருக்கு மனம் மட்டுமன்று, வழியும் பிறந்தது. கொடுக்க முடியாத பெற்றோரின் பிள்ளையும் பட்டினி கிடக்கவில்லை. அன்பைச் சட்டத்தால் கறக்க முயன்ற காலத்தில் மகன் வீட்டைவிட்டு ஓடினான். அச்சுமை இறங்கியபின், தந்தை தருவதை மனம் கூசாமல் பெற்றுக்கொள்ள அவனால் இயன்றது. பாசத்தின் பெயரால் ஏழைக் குடும்பங்களின்மீது பாரம் ஏற்றுவோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.