மோதியவரிடம் காசில்லை என்றால்

"தப்பு அவன் மேல. அதுக்கு நான் ஏங்க பிரீமியம் கட்டணும்?" கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் ஊரில் இருக்கும் என் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு வருகிற நம்மவர்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இந்தியாவில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் உள்ள வண்டி மோதி ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ, தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈட்டுக்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள் நாம். அமெரிக்காவிலோ, மோதியவர் எத்தனை டாலருக்குப் பாலிசி எடுத்தாரோ அதோடு அவருடைய கம்பெனி கைகழுவிவிடும். பாலிசியே இல்லாதவர் மோதினால் கதை இன்னும் மோசம்.

இந்தச் சிக்கலைச் சமாளிக்க 1925இல் கனெக்டிகட் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. விபத்து ஏற்படுத்தியவர், இனி நஷ்டஈடு கட்டும் வசதி தனக்கு உண்டு என்று நிரூபித்தால்தான் தொடர்ந்து வண்டி ஓட்டலாம். அடுத்து அடிபடப்போகிறவருக்கு அது உதவும். முதல் விபத்தில் கால் போனவரை அந்தச் சட்டம் நினைத்தே பார்க்கவில்லை. இருந்தும் பல மாநிலங்கள் அந்த வழியில்தான் போயின. மாசசூசெட்ஸ் மட்டும் துணிந்து, 1927 முதல் இன்ஷூரன்ஸ் இல்லாத காரைப் பதிவு செய்ய மறுத்தது. அடுத்த மாநிலமாக நியூயார்க் அதைச் செய்ய 1957 ஆனது.

இடையில் 1947இல் வடக்கு டகோட்டா ஒரு பொது நிதியைத் தொடங்கியது. ஆனால் அதிலிருந்து பணம் பெற, அடிபட்டவர் முதலில் வழக்குப் போட்டு ஜெயித்து, எதிராளியிடம் வசூலிக்க ஒன்றுமில்லை என்றும் காட்ட வேண்டும். படுக்கையில் கிடப்பவருக்கு அது லேசான வேலையா?

1955இல் நியூயார்க் கம்பெனிகளே ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தன. இன்ஷூரன்ஸ் இல்லாதவர் உங்களை மோதிக் காயப்படுத்தினால், அவர் தரவேண்டிய நஷ்டஈட்டை உங்கள் பாலிசித் தொகை வரை உங்கள் கம்பெனியே தரும். கட்டாய இன்ஷூரன்ஸ் சட்டம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் பிறந்த ஏற்பாடு இது. கருணைக்கு அதில் பெரிய பங்கில்லை. சட்டம் எப்படியும் வந்தது. ஆனாலும் அந்தப் பிரிவு நிலைத்தது, எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. 1957இல் நியூ ஹாம்ப்ஷயர் அதை முதன்முதலில் சட்டத்தில் எழுதியது. அங்கே கார் வைத்திருக்கும் எல்லோரும் இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இன்றுவரை இல்லை; எடுப்பவருக்கோ இந்தப் பிரிவு கட்டாயம்.

பிறகு தெரியவந்த ஓட்டையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். நீங்கள் 1,00,000 டாலருக்கு இந்தப் பிரிவை எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். இன்ஷூரன்ஸே இல்லாதவர் மோதினால் அந்த 1,00,000 வரை கேட்கலாம். 15,000 டாலர் பாலிசி உள்ளவர் மோதினாலோ, கிடைப்பது அந்த 15,000 மட்டும்தான். அவரிடம்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, இந்தப் பிரிவு பொருந்தாது என்பார்கள். மோதுகிறவர் சட்டத்தை மீறியவராக இருப்பதே அடிபட்டவருக்கு லாபம் என்றாகிவிட்டது! இதைச் சரிசெய்யத்தான், போதுமான இன்ஷூரன்ஸ் இல்லாதவர் மோதினாலும் பணம் தரும் பிரிவு பின்னால் சேர்ந்தது.

அதன் அருமை கலிஃபோர்னியாக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே ஒருவரின் காயத்துக்கான குறைந்தபட்சத் தொகை 1967 முதல் 2024 முடியும்வரை அதே 15,000 டாலர். ஆஸ்பத்திரிச் செலவு எங்கேயோ போய்விட்டது; சட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. 2025 ஜனவரி 1 முதல்தான் அது 30,000. அந்தக் குறைந்தபட்சம்கூட இல்லாமல் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? 2022இல் நாடு முழுக்க ஓட்டுநர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லை என்று இத்துறையின் ஆய்வு அமைப்பு கணக்கிட்டது.

இந்தப் பிரிவு வேண்டாம் என்றால் கலிஃபோர்னியாவில் எழுத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் மறுக்க முடியும். அந்தத் தாளை நீட்டும்முன் வந்தவரிடம் இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். எதிராளியின் கம்பெனி கொடுத்ததை உங்கள் தொகையிலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் உங்கள் கம்பெனி தரும். நீங்களும் 30,000, அவரும் 30,000 என்றால் உங்கள் பாலிசியிலிருந்து ஒரு டாலரும் வராது. அதனால் குறைந்தது 1,00,000 டாலருக்காவது எழுதுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.